ஆறு சீசாவும் ஒரு கண்ணும்

மதுவிலக்கு நடப்பில் இருந்த ஊருக்கு ஆறு சீசா ஒயினோடு போய் இறங்கிய மடையன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். குடிப்பதற்காக அல்ல, படிப்பதற்காக. இதைச் சொன்னால் மதுரையில் யாரும் நம்பவில்லை. லண்டனில் என்னோடு வேலை பார்த்தவர்களிடம் மதுரையைப் பற்றிச் சொன்னபோது, அதை அவர்களும் நம்பவில்லை. இன்றைக்கு என் கோட்டில் குத்தியிருக்கும் சின்னத் திராட்சைக்குலையைப் பார்த்து யாராவது விசாரித்தால், எனக்கு அந்தப் பயணம்தான் நினைவுக்கு வருகிறது.

எழுபதுகளின் கடைசி அது. லண்டன் ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, பரிமாறப் பழகி, கடைசியில் ஒயின் பரிமாறுகிறவனாக ஆகியிருந்தேன். அந்தத் தொழிலில் மேலே போக ஒரு பெரிய பரிட்சை உண்டு. தேறினால் கோட்டில் குத்திக்கொள்ள ஒரு திராட்சைக்குலைச் சின்னம் தருவார்கள். எழுத்துத் தாளில் எனக்குப் பயமில்லை. எந்த ஆற்றங்கரையில் எந்தத் திராட்சை, எந்த மண், எந்தச் சரிவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சுவைத் தாள்தான் எமன். பெயர் சொல்லாமல் கோப்பைகளை வரிசையாக வைப்பார்கள். நிறம் பார்த்து, மோந்து, ஒரு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அது என்ன திராட்சை, எங்கே விளைந்தது, எத்தனை வயது என்று எழுத வேண்டும்.

அதில் இரண்டு முறை விழுந்துவிட்டேன். இரண்டாம் முறை, தேர்வாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். "உன் மூக்கில் ஒரு கோளாறும் இல்லை. நீ முதலில் பெயரை முடிவு செய்துவிடுகிறாய், அப்புறம் அதற்குக் காரணம் தேடுகிறாய். கோப்பையில் இருப்பதை மட்டும் சொல். பெயரைக் கடைசியில் சொல்" என்றார். மூன்றாம் முறைக்குத் தேதி குறித்த வாரத்தில் அக்காவிடமிருந்து தந்தி வந்தது. ஆத்தாவுக்குக் கண் ஆபரேஷன், உடனே வா.

அம்மாவுக்கு இருந்தது ஒரே கண். இன்னொன்று, களத்தில் நெல்லடிக்கும்போது சுணை பட்டுப் புண்ணாகி, நான் அரை டவுசர் போட்டுத் திரிந்த காலத்திலேயே போய்விட்டது. மிச்சமிருந்ததிலும் இப்போது புரை மூடிவிட்டது. இதுவும் போனால் அவளுக்கு ராத்திரியும் பகலும் ஒன்றுதான். பரிட்சையையும் விட முடியாது. பழகிப் பார்க்க வாங்கி வைத்திருந்த ஒயின்களை மருந்துச் சீசாக்களில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி, மேலே எண் மட்டும் ஒட்டி, சட்டைகளுக்கு நடுவே சொருகிக்கொண்டு கிளம்பினேன்.

மதுரையில் இறங்கியதும் ஒத்தக்கடைக்கு டவுன் பஸ் ஏறினேன். அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் அது. அம்மாவும் அவளோடுதான் இருந்தாள். லண்டன் பஸ்ஸில் தோள் உரசிவிட்டால் இரண்டு பேரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்போம். இங்கே என் மடியில் ஒரு கோழிக் கூடை வந்து உட்கார்ந்தது, யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பெட்டி டிரைவர் பக்கத்தில் எஞ்சின் மேல் இருந்தது. யானைமலை கண்ணில் படுகிற இடத்தில் ஒரு எருமை ரோட்டைக் கடக்க, டிரைவர் பிரேக்கை மிதிக்க, பெட்டி குப்புற விழுந்தது. அதன்மேல் யாரோ ஒருவரின் தவிட்டு மூட்டையும் விழுந்தது.

"அய்யய்யோ, பெட்டியில இருந்து ரத்தம் ஒழுகுது! அண்ணே, வண்டிய நிப்பாட்டுங்கண்ணே!" என்று ஒரு அம்மாள் அலறினாள்.

கோழிகள் உட்பட எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண்டக்டர் குனிந்து விரலால் தொட்டு மோந்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ரத்தமில்ல ஆத்தா, மருந்து" என்று அந்த அம்மாளைச் சமாதானம் செய்தார். பிறகு என் காதருகே வந்து, "எம்புட்டு நல்ல மருந்து! இப்படிக் கொட்டிப்புட்டீங்களேண்ணே" என்று மனமாரத் துக்கம் விசாரித்தார்.

அக்கா பெயர் பேச்சி. வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே கட்டிலில் இருந்த அம்மா முகத்தைத் திருப்பி, "யாரு அது, சாராயக் கடையில இருந்து எந்திரிச்சு வர்றது?" என்றாள்.

"நான்தான் ஆத்தா, ராசு."

"கடலு தாண்டிப் போயி இதத்தான் படிச்சியா?" என்று கேட்டாள். குரல் உடைந்திருந்தது. பெட்டியில் சீசா உடைந்ததையும், என் வேலையையும் பரிட்சையையும் சொன்னேன். நான் குடிப்பதில்லை, வாயில் வைத்துத் துப்பிவிடுவேன் என்றேன்.

"துப்புறதுக்கா சம்பளம் குடுக்குறாய்ங்க?"

"ஆமா ஆத்தா."

"அம்புட்டுப் பேரும் கிறுக்குப் பயலுகளா அங்கிட்டு?" என்றவள், கையால் துழாவி என் மோவாயைப் பிடித்தாள். "எங்க, ஊது."

நாற்பதை நெருங்குகிற ஆள், லண்டனில் டை கட்டி நிற்கிறவன், அம்மா முகத்துக்கு நேரே குனிந்து ஊதினேன். "கடலை முட்டாயி" என்றாள். மேலூர் ரோட்டில் பஸ் நின்றபோது வாங்கித் தின்றிருந்தேன். அதற்கப்புறம்தான் என் தலையைத் தடவிக் கொடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆறு சீசாவில் உடையாமல் தப்பியது நாலாம் எண் மட்டும். அக்கா வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், ஆசையை மறைக்கத் தெரியாதவர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கதவைச் சாத்திவிட்டு, "மாப்ள, பரிட்சைக்கு நானும் கொஞ்சம் ஒத்தாச பண்றேன்" என்றார். ஒரு மடக்கு விட்டதும் முகம் சுளித்தார். "என்ன மாப்ள, இம்புட்டுப் புளிப்பா இருக்கு? நாள்பட்ட பதநீ கணக்கா. இதுக்கா பரிட்சை வைக்கிறாய்ங்க?" என்றார். சொன்னாரே தவிர, சீசாவைத் திருப்பித் தரவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதற்கப்புறம்தான் எங்கள் பாடு இருந்தது. அந்தக் காலத்தில் கண் ஆபரேஷன் செய்தவர்களை இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்து மல்லாக்கப் படுக்க வைத்துவிடுவார்கள். தலையை அசைக்கக் கூடாது. எதையும் கடித்துத் தின்னக் கூடாது. இருமல், தும்மல், சிரிப்பு எதுவும் ஆகாது, தையல் விட்டுவிடும். எங்கள் அம்மாவோ நின்ற இடத்தில் நிற்காதவள். காய்ச்சலில் கிடந்தாலும் கோழி விரட்ட எழுந்து ஓடுவாள்.

"தலைய ஆட்டாமப் பேசுங்கம்மா" என்றார் நர்ஸ்.

"தலைய ஆட்டாம எப்படித்தா பேசுறது?" என்று அம்மா தலையை ஆட்டினாள்.

பெண்கள் வார்டு என்பதால் பகலில் நானும் ராத்திரியில் அக்காவும் காவல். புத்தகத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பிரெஞ்சு ஆற்றுப் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் மனப்பாடம் செய்தேன். "என்னடா முணுமுணுங்குற? சத்தமாப் படி" என்றாள் அம்மா. படித்தேன். "அந்த ஆத்துல தண்ணி போகுதா?" என்று கேட்டாள். வருஷம் முழுக்கப் போகும் என்றேன். "தண்ணி அம்புட்டு இருந்தா நெல்லப் போட வேண்டியதுதான? எதுக்குத் திராட்சையப் போட்டு ஊற வக்கிறாய்ங்க?" என்றாள். வைகைப் பாலத்தைக் கடந்து வரும்போது மணலில் வேட்டி உலர்ந்துகொண்டிருந்ததை நானும் பார்த்திருந்தேன்.

மத்தியானத்துக்குள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். பதறிப்போய், கையிலிருந்த பருத்திப்பால் டம்ளரை அவள் மூக்கருகே நீட்டினேன். "ஆத்தா, படுத்தபடி மோந்து பாரு. இதுல என்னென்ன இருக்குன்னு சொல்லு, பார்ப்போம்."

"முனிச்சாலைக் கடை பருத்திப்பாலு."

"அது பேரு. பேரச் சொல்லாத. உள்ள என்ன இருக்குன்னு மட்டும் சொல்லு. பேரக் கடைசியாத்தான் சொல்லணும், அதான் எங்க பரிட்சை."

"இதென்னடா கூத்து? பெத்த பிள்ளையவே பேரு வச்சுத்தான கூப்பிடுறோம்" என்றாள். ஆனாலும் மணல் பைகளுக்கு நடுவே தலை அசையாமல் நின்றுவிட்டது. "சுக்கு. கருப்பட்டி. ஏலக்காயி ஒண்ணோ ரெண்டோ, கஞ்சப் பய. அடி பிடிச்சிருக்கு." அப்புறம் கொஞ்சம் யோசித்து, "இப்பச் சொல்லலாமா?" என்றாள். "சொல்லு." "முனிச்சாலைக் கடை பருத்திப்பாலு." பருத்திப்பால் சரி. ஆனால் நான் வாங்கியது ஆஸ்பத்திரி வாசலில். சொன்னால் ஒப்புக்கொள்ளவில்லை, முனிச்சாலைக்காரன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருப்பான் என்று சாதித்தாள்.

அன்றிலிருந்து இதுதான் எங்கள் பொழுது. கொய்யாப்பழம், எலுமிச்சை இலை, மரிக்கொழுந்து, மழை நனைத்த செம்மண் ஒரு பிடி என்று வெளியே போகும்போதெல்லாம் எதையாவது கொண்டுவருவேன். எலுமிச்சை இலையை நாரத்தை என்று சொல்லித் தோற்றாள். பக்கத்துக் கட்டிலில் செல்லூர் நெசவுக் குடும்பத்து அம்மாள் ஒருத்தி, ராதாபாய் என்று பெயர், அவளும் கண்கட்டோடு சேர்ந்துகொண்டாள். அவள் மகளிடம் சௌராஷ்டிரத்தில் பேசுவாள், மகள் எனக்குத் தமிழில் சொல்வாள். "உங்க பரிட்சையில மல்லிகைப்பூவும் வைப்பாங்களான்னு கேக்குறாங்க." பூ வைக்க மாட்டார்கள், ஆனால் சில ஒயினில் மல்லிகை வாசனை வரும் என்றேன். ராதாபாய் என்னவோ சொன்னாள். மகளுக்கு வெட்கம் வந்துவிட்டது. "அதுக்குப் பேசாம பூவையே வச்சுக்கிட்டுப் போகலாமேன்னு சொல்றாங்க." சிரிக்கக் கூடாத இரண்டு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

ஒரு நாள் பன்னீர் திராட்சை வாங்கி வந்தேன். அம்மா நிதானமாக மோந்தாள். "ரோசாப்பூ. தோலு வாடை. வெயில்ல கெடந்த சீனி. காம்பு இன்னும் ஈரம், பறிச்சு ரொம்ப நேரமாகல." எங்கே விளைந்தது என்றேன். கம்பத்துப் பக்கம் என்றாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஆவலோடு கேட்டேன். "மதுரைக்கு வேற எங்கிட்டிருந்துடா திராட்சை வருது?" என்றாள். நானும் புத்தகத்தை மூடிவிட்டு அவளோடு சேர்ந்து மோந்தேன். பெயரைத் தேடி ஓடாமல் ஒரு பழத்தை அவ்வளவு நேரம் நான் மோந்ததே இல்லை.

எங்கள் கூத்தைப் பார்க்க மற்றக் கட்டில்களின் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். "லண்டன்ல இருந்து வந்த மகன் பக்கத்த விட்டு நகராம ஊட்டி விடுறாரே, குடுத்து வச்ச ஆத்தா" என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு பேச்சி அக்காவின் காதில் விழுந்துவிட்டது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அது எதில் போய் முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் அக்கா மடியில் கல்லுப்பும் வத்தல் மிளகாயும் முடிந்துகொண்டு வந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் அம்மாவின் தலையை மூன்று தரம் சுற்றினாள். திருஷ்டி கழிப்பவர்கள் பேசக் கூடாது. சுற்றியதை அப்படியே கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். துணைக்கு வந்தவர்கள் கஞ்சி காய்ச்சுகிற அடுப்பு அது, எங்கள் வார்டின் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது.

மிளகாய் நெடி ஜன்னல் வழியே ஏறி வந்தது. முதலில் கடைசிக் கட்டிலில் ஒருவர் இருமினார். அப்புறம் வார்டே இருமியது. "ஜன்னலச் சாத்துங்க!" என்று கத்திக்கொண்டு நர்ஸ் ஓடினார். நான் அம்மாவின் மூக்கை என் துண்டால் மூடினேன். அவள் மூச்சைப் பிடித்தாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்தாள். ஆனாலும் முடியவில்லை. உடம்பே தூக்கிப் போடும்படி ஒரு தும்மல் வந்தது.

டாக்டர் வந்து கட்டின் ஓரத்தைத் தூக்கி, விளக்கடித்துப் பார்த்தார். "ரத்தம் இல்ல. தையல் தாங்கியிருக்கலாம். பார்வை எப்படின்னு கட்டு அவுக்குற அன்னைக்குத்தான் சொல்ல முடியும்" என்றார். ராதாபாய்க்கும் மற்றவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தும்மியது எங்கள் அம்மா ஒருத்திதான்.

அக்கா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தாண்டா ஆத்தா கண்ணக் கெடுத்துப்புட்டேன். பாவி நான்தாண்டா" என்றாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அவள் கை என்னைவிட வலுவாக இருந்தது. வார்டுக்குள் வர மாட்டேன் என்றுவிட்டாள். தான் கிட்டே போனாலே விளங்காது என்றாள். சோறும் இறங்கவில்லை. ராத்திரிக் காவலுக்கு ராதாபாயின் மகள் தானே முன்வந்து எங்கள் அம்மாவையும் பார்த்துக்கொண்டாள்.

"பேச்சி எங்கடா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். உண்மையைச் சொன்னேன். "கிறுக்குச் சிறுக்கி. நெடி வந்துச்சுல்ல? திருஷ்டி இருந்தா நெடியே வராதுடா. நெடி அடிச்சா ஒண்ணுமில்லன்னுதான அர்த்தம்? போயி அவகிட்டச் சொல்லு" என்றாள். போய்ச் சொன்னேன். அக்கா அதற்கும் சேர்த்து அழுதாள்.

மறுநாள் காலையில் அவள் தெப்பக்குளம் மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ள வேண்டும் என்றாள். வண்டியூருக்குக் கூட்டிப் போனேன். கோயில் வாசலில், உண்டியலில் போடத் தகட்டில் செய்த கண்மலர் விற்றுக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு கண்ணை மட்டும் கையில் எடுத்தாள். "எங்க ஆத்தாளுக்கு ஒண்ணுதான்" என்றாள். கடைக்கார அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்து, "ஒத்தையாப் போடக் கூடாது தாயி, சோடியாப் போடு" என்றாள். அக்கா இரண்டையும் வாங்கிக்கொண்டு குளத்துப் படியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். லண்டனாக இருந்தால் தேநீர் போட்டுக் கொடுத்திருப்பேன். இங்கே பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நான் லண்டன் திரும்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. கட்டு அவிழ்க்கும் வரை இருந்தால், விமானத்திலிருந்து இறங்கி நேரே பரிட்சைக் கூடத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். ஒயினை நாக்கில் வைத்து எத்தனையோ நாளாகிவிட்டது. "நீ கெளம்புடா, எனக்கு என்ன?" என்றாள் அம்மா. சொல்லும்போதே என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். நான் போகவில்லை. புத்தகமும் ஓடவில்லை. அவளே, "ஏதாச்சும் கொண்டாடா மோந்து பாக்க" என்று கேட்டாள். ஒரு கொத்து வேப்பிலையை நீட்டினேன். அதன் பெயரைச் சொல்லாமல் இருக்க அவள் படாத பாடு பட்டாள்.

கட்டு அவிழ்க்கும் காலையில் அக்கா வார்டு வாசல் வரை வந்து நின்றுவிட்டாள். கையைப் பிடித்து இழுத்துவந்து கட்டிலுக்கு எதிரே நிறுத்தினேன். டாக்டர் கட்டைப் பிரித்து, பஞ்சால் துடைத்து, ஆபரேஷன் செய்த கண்ணுக்கு முன்னால் தடித்த கண்ணாடி வில்லை ஒன்றைப் பிடித்தார். "அம்மா, மெதுவாக் கண்ணத் தொறங்க. எதிர்ல யாரு நிக்கிறா?"

அம்மா கண்ணைத் திறந்தாள். கண் சிவந்து நீர் கோத்திருந்தது. வாய் பேசவில்லை. டாக்டர் வில்லையைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினார். அக்காவின் விரல்கள் என் கையில் பதிந்துகொண்டே போயின.

"அரக்குச் சேல" என்றாள் அம்மா.

டாக்டர் நிமிர்ந்தார்.

"முந்தியில அடுப்புக்கரி அப்பியிருக்கு. மூக்குல ஒத்தைக்கல்லு மூக்குத்தி. தலை சீவல. எண்ணெயும் வைக்கல." ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் சொன்னாள். "ரெண்டு கண்ணும் அழுது அழுது வீங்கிப்போயிக் கெடக்கு. கன்னம் ஒட்டியிருக்கு. சோறு திங்காத மூஞ்சி."

"சரிம்மா, அது யாரு?" என்றார் டாக்டர்.

"இருங்க சார். பேரக் கடைசியாத்தான் சொல்லணும்" என்று அம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். அப்புறம் அந்தக் கையை அப்படியே எதிரே நீட்டினாள். "இது எம் மக பேச்சி."

அக்கா கட்டில் காலடியில் சரிந்து ஓவென்று அழுதாள். "கட்டில ஆட்டாதீங்க!" என்று நர்ஸ் அதட்டினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் கட்டு பிரிக்காத ராதாபாய் என்ன நடந்தது என்று மகளை நச்சரித்துக்கொண்டிருந்தாள். அம்மா அக்காவின் சீவாத தலையில் கை வைத்தபடி என் பக்கம் கண்ணைத் திருப்பினாள்.

"ராசு, நான் பாஸா?"

"பாஸ் ஆத்தா" என்றேன்.

"அப்ப நீ கெளம்பு. உனக்குப் பரிட்சை இருக்குல்ல" என்றாள்.